இரண்டு டிவிடிகளும் ஒரு சம்பந்தமும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதப் பிற்பகலில், திருப்பதி பேருந்து நிலையத்தை அடுத்த சந்தொன்றில் இது நடந்தது. சித்தூரில் பெண்கள் கல்லூரி ஒன்றின் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் எதிரே உட்கார இன்றும் தயங்கும் மாணவிகள் உண்டு. அந்த மதிப்பைக் கவனமாகக் காத்து வருபவள். ஆகையால், தொழில்முறை மல்யுத்தம் என்றால் எனக்கு உயிர் என்பது என் மகனைத் தவிர ஊரில் எவருக்கும் தெரியாது.

முந்தைய ஞாயிறன்றுதான் அவனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். திருப்பதியில் குடியேறிய தமிழ்க் குடும்பம். பெண்ணை அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெண்ணின் தாயார்தான் பிடிகொடுக்கவில்லை. பூஜையையும் சமையலையும் தவிரத் தமக்கு வேறொன்றும் தெரியாது என்றார். வீட்டில் டிவியில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார். செய்தியும் கச்சேரியும் மட்டுமே என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றுமுதல் அவர்கள் பதிலை எதிர்பார்த்து மகன் கைபேசியைக் கீழே வைக்கவில்லை.

அந்தக் கவலையோடு சாமி கும்பிடத்தான் திருப்பதிக்குப் போனேன். திரும்பும் வழியில், பழைய டிவிடிக் கடையொன்றைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே போனால், மல்யுத்த ஆவணப்படங்கள் இரண்டு! ஒன்று, கடைசிவரை முகமூடியைக் கழற்றாத ஒரு மல்லரின் வாழ்க்கை. மற்றொன்று, மேடையில் பகைவர்களாக மோதியவர்கள் வெளியிலும் அந்தப் பகையை எப்படிக் காத்தார்கள் என்பது. ரசிகர் கண்ணில் சேர்ந்து பட்டுவிடக் கூடாதென்று வெவ்வேறு வண்டிகளில் ஊர் திரும்புவார்களாம்.

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு டிவிடி உறைதான் மறையும். எதை எடுப்பது, எதை விடுவது? தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவியைப்போல் நெஞ்சு அடித்துக்கொண்டது. முகமூடியை எடுத்தேன், வைத்தேன், மீண்டும் எடுத்தேன். இறுதியில் பகைவர்களே என்று துணிந்து கை வைத்தபோது, உறையின் மறுமுனையை இன்னொரு கை பற்றியது.

நிமிர்ந்தேன். பெண்ணின் தாயார்.

“உட்டுடுங்க மேடம். இத்த எத்தினி நாளா தேடிக்கினு இருக்கேன் தெரியுமா?”

என் மகனின் கல்யாணம் அந்த உறையில் தொங்குகிறது என்பது எனக்குத் தெரியும். விட்டிருக்க வேண்டும். மாறாக, “நான்தான் முதல்ல எடுத்தேன்” என்று இழுத்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கச்சேரி மட்டும்தான் பாப்பேன்னீங்களே. இவங்க என்னா, பாடிக்கினே அடிச்சிக்குவாங்களா?”

முகம் எரிந்தது. ஆனாலும் விடவில்லை. இவர்களை எந்தப் பூஜைக்கு அழைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான், இருவருக்கும் அடக்க முடியாத சிரிப்பு. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பிறகுதான் அந்த அம்மாள் தம் தயக்கத்தின் காரணத்தைச் சொன்னார். “நியூசும் கச்சேரியுமா இருக்கிற ஊட்ல எம்பொண்ணு மூச்சு முட்டிப் போவாளேன்னு பயந்துட்டேன் மேடம். அவளும் என்னோட குந்திக்கினு இதையே பாத்து வளந்தவ.”

ஆளுக்கொன்று வாங்கி, பார்த்துவிட்டு மாற்றிக்கொள்வோம் என்றேன்.

“மாத்திக்கணும்னா போக்குவரத்து வேணுமே அண்ணி. பொண்ணக் குடுத்துட வேண்டியதுதான்” என்றார்.

பகைவர்களை அவருக்கே விட்டுக்கொடுத்தேன். கடையிலிருந்து தனித்தனியாக வெளியேறி, வெவ்வேறு திசையில் நடந்தோம். பேருந்து சித்தூர் வழியிலுள்ள புத்தலப்பட்டைத் தாண்டுமுன் மகன் அழைத்தான். குரலே தடுமாறியது, சம்மதமாம். எனக்கு ஒன்றுமே தெரியாததுபோல், நல்லது என்றேன்.

கல்யாணத்தில் நான் மாப்பிள்ளை வீட்டு மிடுக்கோடு காபியைக் குறை சொன்னேன். சம்பந்தியம்மாள் பெண் வீட்டாருக்குரிய பணிவோடு வெற்றிலைத் தட்டை நீட்டினார். பழங்களுக்கு அடியில் அந்த டிவிடி இருந்தது. பெருமையைக் காப்பது தவறென்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால், அதை அடியோடு மறந்து ஓர் உறையின் முனையை விடாமல் இழுத்த அந்தச் சிறுபொழுதுதான், இந்த வயதில் எனக்கு ஒரு தோழியைத் தந்தது.