பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்த பெண்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், மீன் பெட்டி சுமந்து முன்னேறி, இன்று நான்கு ஐஸ் லாரிக்குச் சொந்தக்காரன். திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் தெருக் கூட்டத்தில் நான் பேசினால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். கடைசி வீட்டுத் தையல்காரப் பெண் மட்டும் அடங்கமாட்டார். கழுத்தில் இஞ்ச் டேப்போடுதான் வருவார். எந்தத் தலைவர் ஊரைக் கெடுத்தார் என்று நாங்கள் சண்டை போடும்போது, அன்று குழாயில் பிடித்த தண்ணீரைப் பாட்டிலோடு நடுவில் வைப்பார். சாக்கடை வாடை அடிக்கும். அவர் மகள் மஞ்சள் காமாலையில் படுத்திருந்த சமயம், ஒருநாள் கூட்டத்தில் என்னிடம் வந்தார்.

"நாளைக்கு நம்ம தெருவுக்குக் கட்சித் தலைவர் வராருங்க. நீங்க சொன்னா கேப்பாரு பெரியவரே."

"நான் சொல்லி நடக்காதது எதும்மா?" என்றேன்.

மறுநாள் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினேன். அவர் அதையே எடுத்து எனக்குத் திருப்பிப் போர்த்தி, "அண்ணே, தெருவுல குறை ஏதும் உண்டா?" என்று கேட்டார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.

கார் கிளம்பியது. அந்தப் பெண் பாட்டிலோடு பின்னாலேயே ஓடிக் கண்ணாடியைத் தட்டினார். கார் நிற்கவில்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர், என் தோளிலிருந்து நழுவிய பொன்னாடையைச் சரியாகப் போட்டுவிட்டார்.

"புடிச்சுக்கங்க பெரியவரே. கீழ விழுந்தா சாக்கடைத் தண்ணியில நனைஞ்சிரும்."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்துவதில் எனக்கு ஈடு கிடையாது. அது கேலியா, இரக்கமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்தக் கடைசி வீட்டைத் தாண்டும்போது மட்டும் என்னால் மெதுவாக நடக்க முடிவதில்லை.