ஷேர் ஆட்டோவில் கிடைத்த அண்ணி

படப்பையில் அறை எடுத்து ஒரு வருடம் ஆகியும், வேலை விஷயம் தவிர யாரும் என்னிடம் பேசியதில்லை. காலையில் ஷேர் ஆட்டோவில் ஒரகடம் ஆலைக்குப் போவேன். தனித்தனி ஆட்களை வழியில் ஏற்ற அதற்குப் பர்மிட் கிடையாது. அதனால் டிரைவர் தினமும் சொல்வார்: "ஆர்டிஓ கேட்டா அல்லாரும் ஒரே வூடுன்னு சொல்லுங்கம்மா."

ஒருநாள் அதிகாரி நிறுத்தி, என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார். பக்கத்தில் இருந்த, வேறொரு ஆலையின் கேன்டீனில் வேலை செய்யும் அக்கா முந்திக்கொண்டாள்.

"என் நாத்தனாரு சார். என்னாண்ட சண்டை போட்டுகினு மூஞ்சத் தூக்கி வச்சினு கீது."

அதிகாரியே சிரித்துவிட்டார். அதன்பின் தினமும், "இன்னா நாத்தனாரே, கோவம் தீந்துச்சா?" என்பாள். அந்த ஊரில் என்னை உறவு சொல்லி அழைத்தவள் அவள் ஒருத்திதான்.

சில வாரங்களில் அந்தத் தடத்தில் மினி பஸ்ஸுக்குப் பர்மிட் கிடைத்தது, ஆட்டோ நின்றது. அக்காவோடு பழகுவதற்கு முன்பே பஸ் கேட்டு, நிறுத்தங்களை வரிசை எண் போட்டு மனு எழுதியவள் நான்தான். பதினொரு நிறுத்தங்கள். அக்கா ஏறும் குறுக்குச் சாலை அதில் இல்லை. மனு எழுதிய நாட்களில் அவள் எங்கே ஏறுகிறாள் என்று நான் பார்த்ததே இல்லை.