ஏழாம் நம்பர் காகிதம்

அந்தக் காகிதத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அறுபதுகளில் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். கட்சிக்காரர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வதும், ஆங்கிலத்தில் வருவதை அவர்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை.

அந்தக் கட்சிக்காரர்களில் ஒருவர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று ரம்பத்தின் தடுப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. தப்பு உன்னுடையதுதான் என்று சொல்லி வேலையை விட்டும் அனுப்பிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார்.

"என் தப்பு இல்லைன்னு ஆகணும் தம்பி. மத்ததெல்லாம் அப்புறம்" என்பார்.

விசாரணைக்கு முன்னால் இரு தரப்பும் தங்களிடம் இருக்கும் காகிதங்களை ஒருவருக்கொருவர் காட்டியாக வேண்டும். நாங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டுகள்வரை ஒன்று விடாமல் கொடுத்தோம். ஆலைக்காரர்களோ நாலு கடிதம் போட்ட பிறகுதான் பட்டியலே அனுப்பினார்கள். அதில் ஏழாவதாக, அவரே கொடுத்த வாக்குமூலம் என்று ஒன்று இருந்தது.

அதைப் பார்க்க அவரோடு ராபிள்ஸ் பிளேஸில் இருந்த எதிர்த்தரப்பு வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, குவீன்ஸ்டவுனிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொன்னேன். மெஷினை நிறுத்தாமல் நானே கையை விட்டேன், யார் மேலும் குற்றமில்லை, இது எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது. கீழே கட்டைவிரல் ரேகை.

"நான் இப்படிச் சொல்லவே இல்ல" என்றார்.

அங்கிருந்த கிராணியும் தமிழன்தான். "அண்ணன் ஊருக்கே கடுதாசி எழுதிக் கொடுக்கிறவரு. அவரு எதுக்குக் கைநாட்டு வைக்கணும்?" என்று அவனிடம் கேட்டேன்.

"வலது கைதான் இல்லையே லா. எப்படி சைன் போடுவாரு?"

கையைப் பறித்ததும் அவர்கள், கை இல்லாததைச் சாக்குச் சொல்வதும் அவர்கள். அவனை அறைந்திருப்பேன், மேசை குறுக்கே இருந்தது.

படியிறங்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சப்ப இடது கட்டைவிரல் நீலமா இருந்துச்சு தம்பி. மருந்துன்னு நெனச்சு வீட்டுக்காரி ஈரத்துணியால தொடச்சா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் வக்கீல் மட்டும் கோபப்படவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் நிதானமாக இரண்டே கேள்விகளை எழுதி அனுப்பினார். அந்த வாக்குமூலத்தை வாங்கியது யார், எத்தனை மணிக்கு? சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் இழுத்தடித்த பிறகு பதில் வந்தது. ஆலை மேஸ்திரி, விபத்து நடந்த அன்று மாலை ஐந்தரை மணிக்கு, அடிபட்டவர் நல்ல நினைவோடு இருந்தபோது வாங்கினாராம்.

ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். மாலை ஐந்து மணிக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஏழரைக்குத்தான் அறுவை முடிந்து வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். நாங்கள் முதலிலேயே அவர்களுக்குக் கொடுத்த சீட்டுதான் அது. படித்தால்தானே?

அதைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் போனதும், ஒரே வாரத்தில் சமாதானத்துக்கு வந்தார்கள். நஷ்டஈடு தருவார்கள். ஆனால் தப்பை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போகாது.

"என் விரலைப் பிடிச்சவன் கூண்டுல ஏறிச் சொல்லணும்" என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஆனால் வீட்டில் மூன்று பிள்ளைகள். அவரைச் சம்மதிக்க வைக்கச் சொல்லி வக்கீல் என்னைத்தான் அனுப்பினார். நானும் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அந்தக் கோபம் என் மேலேயே இன்னும் இருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார்.

"அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டாங்களா?"

"இல்லண்ணே. அது அவங்க காகிதம். அவங்க ஆபிஸ்லதான் இருக்கும்."

"அப்ப அதுல நான் சொன்னதாத்தான் இருக்கும்."