இலை எடுத்தவள்

நெல்லித்தோப்பில் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரு மத்தியானம் அவர் வந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. மனைவி இறந்துவிட்டாராம். அந்தம்மா சமையல்காரர்களோடு போய்ப் பந்தியில் இலை எடுக்கும் வேலை பார்த்தவர். "நீங்க எடுத்த கல்யாணப் படத்துல எங்கனா நின்னிருப்பா, தேடிக் குடு தம்பி" என்றார்.

ஒரு முகத்தைக் காட்டினால் அந்த முகம் இருக்கும் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரே பொறுக்கித் தரும். அவரிடம் இருந்தது ஆதார் படம்தான். அதைக் கொடுத்ததும் திரையில் யார் யாரோ வந்தார்கள்.

"இந்த ஆதார்ல இருக்கறது அவளே இல்ல தம்பி, பயந்துபோன யாரோ" என்று சொல்லிப் பையிலிருந்து ஓர் அரக்குப் புடவையை எடுத்தார். வேலைக்கு அதைத்தான் கட்டுவாராம்.

புடவையைப் படமெடுத்துத் தேடினேன். திரை முழுக்க அரக்குப் புடவைகள். அந்தச் சமையல் குழுப் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் யூனிஃபார்ம். ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துவிட்டுப் பார்த்தார். "இவ இல்ல." "இவளும் இல்ல."

கடைசியில், ஒரு மாப்பிள்ளை சாப்பிடும் படத்தில், பின்வரிசையில் இடது கையால் இலையை மடித்துக்கொண்டிருந்த ஒரு முதுகு.

"இவதான். அவளுக்கு எடது கைதான் வரும்." வெகுநேரம் பார்த்தார். "கம்ப்யூட்டர்தான் எல்லாம் பண்ணுதே தம்பி. அவளக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லேன்."

இப்போது அதுவும் முடியும். கேட்டால் ஏதோ ஒரு முகத்தை அழகாக வரைந்து ஒட்டிவிடும்.

"முடியாதுங்கய்யா" என்றேன். அந்த முதுகையே பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். புடவை மடிப்புக்குள் வைத்து எடுத்துப் போனார்.

செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. யாரோ ஒருத்தியோடு அவரை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.