பரண் வரை போன ஒயர்

இது நான் கட்டிய கதையாக இருந்தால் இதைவிட நன்றாகவே கட்டியிருப்பேன், கண்ணுங்களா. நடு ராத்திரி, நாய் ஊளை, அணைந்து போகும் விளக்கு எல்லாம் வைத்திருப்பேன். எனக்கு நடந்ததோ பட்டப்பகலில். வெளியே சுள்ளென்று வெயில். கீழே சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி புஸ் புஸ் என்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அப்போது மணி மத்தியானம் ஒன்று ஐம்பத்திரண்டு. நேரத்தையெல்லாம் அன்றைக்கே ஒரு பால் கணக்குச் சீட்டின் பின்புறம் குறித்து வைத்தேன். அந்தச் சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்தால் காட்டுவேன். நம்புகிறவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

எனக்கு ஒரே தங்கை. அறுபது தாண்டியும் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. நாலு படி ஏறினால் உதடு நீலம் பாரித்துவிடும். தனியார் மருத்துவமனை ஒன்றில் சனிக்கிழமை காலை அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தேதி வேறொருவருக்குப் போய்விடும்.

பணம் இருந்தது. எடுக்கத்தான் வழி இல்லை. சின்னவளின் வீட்டுக்காரர் தெருத் தெருவாக இன்டர்நெட் கேபிள் இழுத்தவர். ஏழு மாதத்துக்கு முன்னால், சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்து போனார். அவருடைய சேமிப்பு முழுவதும் கிரிப்டோ என்கிற கம்ப்யூட்டர் காசில் இருந்தது. அவருடைய கம்ப்யூட்டர் கெட்டுப்போய், ஒரு பென் டிரைவில் அந்தக் காசுக்குப் பணப்பையான வாலட் கோப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. பாஸ்வேர்ட் சின்னவளுக்குத் தெரியும். அந்த மருத்துவமனை கிரிப்டோவாகவே வாங்கிக்கொள்ளும் என்று சொன்னதும் எங்களுக்கு உயிர் வந்தது.

சின்னவள் வீட்டில் தன் கடைக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து வாலட்டை நிறுவிக் கொடுத்தவள் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். தெரு முழுக்க அவளுக்குப் பிரிண்டர்க்காரி என்றுதான் பெயர். நாற்பத்தைந்து வயது. வாய் மட்டும் ஒரு நிமிஷம் ஓயாது. ஆனால் கைசுத்தம்.

"இது ஒரு பெரிய பேரேடு, பெரியம்மா. உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல இதோட நகல் இருக்கு. யார் யாருக்குக் குடுத்தாலும் அதுல ஒரு பக்கம் ஏறும். ஏறினதைக் கிழிக்க முடியாது, அழிக்க முடியாது."

"தலையெழுத்து மாதிரின்னு சொல்லு."

"தலையெழுத்துக்காவது பரிகாரம் சொல்றாங்க. இதுக்கு அதுவும் கிடையாது." சிரித்தாள். "இப்ப இந்தக் கம்ப்யூட்டர் முதல் பக்கத்துல இருந்து ஒவ்வொன்னா வாங்கிச் சரிபார்க்கணும். இன்னிக்குத் தேதிப் பக்கம் வரைக்கும் வந்தாத்தான் காசைத் தொட முடியும்."

திங்கட்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு ஓட விட்டாள். திரையில் வந்தது: மீதம் 9 நாள்.

கட்டிலில் இருந்தே சின்னவள் கேட்டாள். "மொபைல்ல அஞ்சு நிமிஷத்துல ஆயிடும்னு சொல்றாங்களே?"

"அதுக்குப் பன்னெண்டு மீட்புச் சொல் வேணும். உங்க வீட்டுக்காரர் எழுதி வச்சாரா?"

"என் பிறந்த நாளையே மறந்துட்டு மறுநாள் வாழ்த்துற மனுஷன். அவராவது, எழுதறதாவது!"

செவ்வாய்க்கிழமை பிரிண்டர்க்காரி தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேகமான ஒன்றைப் போட்டாள். அந்தப் புரோகிராமுக்கு நினைவகத்தை அதிகம் ஒதுக்கினாள். வை-ஃபையை நிறுத்திவிட்டு ரவுட்டரில் இருந்து நேராக ஒயர் கொடுத்தாள். பக்கம் கொடுக்கும் கம்ப்யூட்டர்கள் பத்து இணைந்தன. ஒன்பது நாள் ஐந்து நாளாகக் குறைந்தது. எங்களுக்கு வேண்டியதோ மூன்று நாள்.

"இனிமே வேகமாப் பக்கம் குடுக்கிற ஒருத்தன் அமைஞ்சாத்தான் உண்டு. அவனோட எண்ணை இந்தக் கட்டத்துல அடிச்சாப் போதும். ஆனா சும்மா கிடக்குதேன்னு எதையும் அடிச்சு வைக்காதீங்க, பெரியம்மா."

நான் அடித்தேன்.

புதன்கிழமை. சின்னவள் கஞ்சி குடித்துவிட்டு முன்னறையில் கண் அயர்ந்திருந்தாள். நான் உள்ளறையில் அவள் வீட்டுக்காரரின் மேசை முன்னால் உட்கார்ந்து அந்த ஐந்து நாளையே முறைத்துக்கொண்டிருந்தேன். மேசைக்கு மேலே சுவரில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. கேபிள்காரர்களுக்குச் சுவர்தான் நோட்டு. புள்ளி வைத்து நாலு எண்கள். பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரே சொல்: வேகம்.

என் புத்தியைச் சொல்ல வேண்டும். மகராசன் போயும் வழிகாட்டுகிறார் என்று நினைத்தேன். மணி 1:52. அந்த எண்ணை அடித்தேன்.

1:55. பத்து இணைப்புகள் ஒன்பதாயின. எட்டு. ஆறு. மூன்று.

ஒன்று.

பயந்து போனேன். ஆனால் வேகம் குறையவில்லை. ஏறியது. மீதம் 5 நாள்... 2 நாள்... 9 மணி நேரம். பேய் வேகம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், பாருங்கள்.

2:17. பிரிண்டர்க்காரிக்குப் போன் செய்து எண்ணைப் படித்தேன்.

"பெரியம்மா... அது வெளி எண் இல்ல. வீட்டுக்குள்ள இருக்கிற எண். அங்க வேற கம்ப்யூட்டர் ஏதாவது ஓடுதா?"

"மிக்ஸி இருக்கு. அது மாவுதான் அரைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "ரவுட்டர்ல எத்தனை ஒயர் போகுதுன்னு பாருங்க."

இரண்டு. ஒன்று அவள் போட்டது. இன்னொன்று சாம்பல் நிறம், பழையது. அதன் பக்கத்தில் பச்சை விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அலமாரிக்குப் பின்னால் போய், சுவரோரமாக ஏறி, பரணுக்குள் நுழைந்தது.

ஸ்டூல் போட்டு ஏறினேன். இந்த வயதில்!

பரணில் ஒரு பழைய அட்டைப்பெட்டி. அதன்மேல் விரல்கனம் தூசி. தூசியின்மேல் ஒயரின் முனை கிடந்தது. முனையில் சின்னப் பிளாஸ்டிக் செருகி.

அது எதிலும் செருகியிருக்கவில்லை.

தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் கையில் பிடித்திருந்தது போல.

2:26. இறங்கினேன். ரவுட்டரில் இருந்து அந்த ஒயரை உருவினேன். திரையில் இணைப்பு பூஜ்யம். வேகம் பூஜ்யம்.

மறுபடி செருகினேன். இணைப்பு ஒன்று.

இந்த இடத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன், கண்ணுங்களா. உருவிப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. முன்னறையில் என் தங்கை மூச்சு இரைத்துக்கொண்டு கிடக்கிறாள். எங்கிருந்து வந்தால் என்ன, வரட்டும் என்றுதான் அந்த ஒயரை விட்டுவைத்தேன்.

2:41. பிரிண்டர்க்காரி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். பரணைப் பார்த்தாள். இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது.

2:48. மீதம் 0. கடைசிப் பக்கத்தின் தேதி: இன்று, புதன்.

"முடிஞ்சுதுடி!" என்றேன்.

"இருங்க."

தேதி நிற்கவில்லை.

வியாழன்.

"இது நடக்காது, பெரியம்மா. இப்ப இருக்கிற நேரத்தைவிட ரெண்டு மணி நேரத்துக்கு மேல தள்ளி, இனிமே வரப்போற தேதி போட்ட பக்கம் வந்தா, இந்தப் புரோகிராம் தூக்கிப் போட்டுடும். வாங்கவே வாங்காது."

வெள்ளி... சனி...

அவள் பாய்ந்து சாம்பல் ஒயரைப் பிடுங்கினாள். கையில் தூக்கிக் காட்டினாள்.

இணைப்பு: ஒன்று.

ஞாயிறு... திங்கள்...

அடுத்த செவ்வாய். மாலை 4:20. நின்றது.

அப்போதுதான் இணைப்பு பூஜ்யமாயிற்று.

வாலட்டில் கீழே புதிதாக இரண்டு வரி. வெள்ளி, காலை 10:05: முன்பணம் எவ்வளவோ அவ்வளவும் மருத்துவமனைக்குப் போயிருந்தது. செவ்வாய், மாலை 4:20: அதே தொகை, காசு குறையாமல், மருத்துவமனையில் இருந்து திரும்பி வந்திருந்தது.

மேசையில் மருத்துவமனைத் தாள் கிடந்தது. பிரிண்டர்க்காரி அதை எடுத்துப் படித்தாள்.

"அறுவை நடைபெறாத பட்சத்தில், முன்பணம் முழுவதும் இரண்டு வேலை நாளில் திருப்பித் தரப்படும்..."

சனிக்கிழமை அறுவை. திங்கள், செவ்வாய்... இரண்டு வேலை நாள்.

"பணம் கட்டின பிறகு அறுவை ஏன் நடக்காமப் போகணும்?" என்றேன்.

அவள் சின்னவள் படுத்திருந்த முன்னறைப் பக்கம் பார்த்தாள். எனக்கும் தெரியும்.

2:57. முன்னறையில் இருந்து சின்னவளின் குரல். தூக்கத்தில் பேசும் குரல்.

"சரிங்க..."

நான் அசையவில்லை.

"வெள்ளிக்கிழமைங்களா...? சரிங்க... வந்துடறேங்க..."

என்னிடம் அவள் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. யாரிடமும் இல்லை.

ஒருவரைத் தவிர.

கம்ப்யூட்டர் பிளக்கைச் சுவரில் இருந்து பிடுங்கினேன்.

அன்று சாயங்காலமே சின்னவளிடம் சொன்னேன், அந்த மருத்துவமனை வேண்டாம், பொது மருத்துவமனைக்குப் போவோம் என்று. அங்கே காசு வேண்டாம். ஆனால் வரிசை நீளம். அவள் கோபத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"தேதி கிடைச்சிருக்கு, பணம் இருக்கு. உனக்கு என்ன வந்தது அக்கா? உன் பேய்க் கதையை என் நெஞ்சுல எழுதாத!"

"எழுதலைடி. எழுதினதைத்தான் அழிக்கப் பார்க்கறேன்."

"என்ன உளர்றே?"

நடந்ததை அவளிடம் மறைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை அவள் பக்கத்திலேயே, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பென் டிரைவ் என் இடுப்பில் இருந்தது. கம்ப்யூட்டர் பிளக் இல்லாமல் சுவரோரம் கிடந்தது. மணி பத்து ஐந்து ஆயிற்று. அவள் வாசலைப் பார்த்தாள். யாரோ கூப்பிட்டது போல. அப்புறம் என்னைப் பார்த்து, "பசிக்குதுக்கா," என்றாள்.

பொது மருத்துவமனையில் பத்தொன்பது நாள் காத்திருந்தோம். அதில் இரண்டு நாள் அவள் பிழைப்பாளா என்றே தெரியவில்லை. அந்த இரண்டு நாளும், ஒருவேளை நானேதான் இவளைக் கொல்கிறேனோ என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். இருபதாம் நாள் அறுவை நடந்தது. இன்றைக்கு அவள் மூன்று மாடி ஏறுகிறாள், ஏறிக்கொண்டே என்னைத் திட்டுகிறாள். அந்தத் திட்டைக் கேட்பதுதான் எனக்குச் சாப்பாடு.

இதோடு விட்டிருக்கலாம். பிரிண்டர்க்காரிதான் விடவில்லை. இரண்டு மாதம் கழித்து என்னிடமிருந்து பென் டிரைவை வாங்கிப் போய், தன் கடையில், புதுக் கம்ப்யூட்டரில், முதல் பக்கத்தில் இருந்து ஆரம்பித்தாள். குறுக்கு வழி எதுவும் இல்லை. ஒன்பது நாள் முழுதாக ஓட விட்டாள். ஊர் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் கொடுத்த நல்ல பக்கங்கள். பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு, திரையைக் காட்டினாள்.

வெள்ளி 10:05. செவ்வாய் 4:20. இரண்டு வரியும் இருந்தன.

அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனேன். பணம் கட்டும் கண்ணாடி அறையில் ஒரு பெண். சின்னவளின் பெயரைச் சொன்னதும் பழைய தாளைத் தேடி எடுத்தாள்.

"ஆமாம்மா, அட்வான்ஸ் கட்டியிருக்கு. அம்மா வரலைன்னதும் செவ்வாய்க்கிழமை திருப்பிட்டோம்."

"யாரும்மா கட்டினது?"

"அவங்க வீட்டுக்காரர். நேர்லதான் வந்தார். அத்தனை நாளும் அந்த நாற்காலியிலயேதான் இருந்தார், பாவம். தண்ணி குடுத்தாக்கூட வாங்கல."

தாளைத் திருப்பிக் காட்டினாள். உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதிக் கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு கட்டம். வீடு திரும்ப வாகனம்: வேண்டாம்.

"இது என்னம்மா?"

"டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போக வண்டி வேணுமான்னு எல்லார்கிட்டயும் கேட்போம். அவர் வேண்டாம்னுட்டார்."

"ஏன்னு... சொன்னாரா?"

"சொன்னாரே." அந்தப் பெண் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? "'அவ வீட்டுக்குப் போக மாட்டாம்மா, நானே கூட்டிட்டுப் போயிடறேன்'னார்."