மரக்கறிப் பக்கம்

கொக்குவிலில் ஒரு சமையல் கூடம் இருக்கிறது. கலியாணம், சாமத்தியம், செத்தவீட்டு எட்டு, அந்தியேட்டி என்று எது வந்தாலும் அங்கிருந்துதான் சாப்பாடு வான் வண்டியில் ஏறிப் போகும். கூடத்துக்கு நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் மரக்கறி, அந்தப் பக்கம் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும். மரக்கறிப் பக்கத்துக்குச் சிவகௌரிதான் எல்லாம். விடிய முழுகிவிட்டு, புத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து ஈரத் தலையோடு வந்து இறங்குவாள். அந்தப் பக்கத்து அகப்பை தவறி இந்தப் பக்கம் வந்துவிட்டால் அன்றைக்குக் கூடம் இரண்டுபடும்.

சம்பளம் பெரிதாக ஒன்றுமில்லை. நின்று நின்று கால் நரம்பு சுருண்டதுதான் மிச்சம். தங்கை வித்தியா தான் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலைக்கு வா வா என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டுப் பார்த்தாள். கௌரி அசையவில்லை. காரணம் கேட்டால் பஞ்சலிங்கம் அண்ணை இருக்கிறாரே என்பாள். இதெல்லாம் ஒரு காரணமா என்று தங்கை சிரிப்பாள். ஒருவருக்குக் கீழே நின்று வேலை செய்கிற சனத்துக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரணம் என்று தெரியும்.

பஞ்சலிங்கம் அங்கே சூப்பர்வைசர். முதலாளி வாய் பொல்லாதவர். அவர் கத்திக்கொண்டு உள்ளே வந்தால் பஞ்சலிங்கம் முன்னுக்குப் போய் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வார். சோறு குழைந்தாலும் பாயசம் அடிப்பிடித்தாலும் தன் பிழை என்பார். பிறகு உள்ளே திரும்பி ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கௌரியின் தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளை அனுப்பிவிட்டு, தானே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுடைய சட்டிகளைக் கிண்டினார். அப்படி ஒருவர் மேலே இருந்தால் அடுப்பு வெக்கைகூடப் பெரிதாகத் தெரியாது.

போன ஆவணியில் சுன்னாகத்தில் ஓர் அந்தியேட்டி, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் படைக்கிற சடங்கு. அதே நாளில் வேறொரு வீட்டுப் பிறந்தநாளுக்கு மச்சச் சாப்பாடு. ஒரே அவதி. பஞ்சலிங்கம் கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மூடி போட்ட சம்பல் வாளி ஒன்றைக் கொண்டுவந்து கௌரியிடம் நீட்டினார்.

"எங்கடை பக்கத்துச் சம்பல்தானே அண்ணை?"

"ஓம், ஓம். ஏத்தும் பிள்ளை, வான் நிக்குது."

மூடியைத் திறந்து துளி நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் படைக்கிற சாப்பாட்டைப் படைக்க முதல் யாரும் ருசி பார்ப்பதில்லை. செத்தவருக்கு எச்சிலையா வைப்பது? கௌரி வாளியை ஏற்றிவிட்டாள். அது மாசிக் கருவாடு இடித்துப் போட்ட சம்பல்.

படைத்து, தேவாரம் பாடி, பந்தி வைத்த பிறகுதான் அந்த வீட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள். செத்த மனிதர் ஆயுளில் மச்சம் தொடாதவராம். தாய் படையலுக்கு முன்னால் விழுந்து கிடந்து அழுவதாக மகன் முதலாளிக்குப் போன் எடுத்தான். முதலாளி உள்ளே வந்து, இது யாருடைய வேலை என்று கத்தினார். எல்லாரும் பஞ்சலிங்கத்தைப் பார்த்தார்கள். கௌரி பார்க்கக்கூட இல்லை. அண்ணை சொல்லுவார் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. சுன்னாகத்தில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவரை மனேச்சராகப் போடுவதாக ஒரு கதை அடிபட்டது அவளுக்கு அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை. அவருக்கு இருந்தது.

"கௌரி ஒருக்காக் கவனிச்சிருக்கலாம்" என்றார் நிலத்தைப் பார்த்தபடி.

முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது, பாருங்கள். அதுதான் எரிச்சல். பச்சைப் பொய் சொல்லியிருந்தால் அவளும் வாய் திறந்திருப்பாள். முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசினார். வேலையால் மட்டும் நிறுத்தவில்லை.

பின்னேரம் அவள் சட்டி கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் பஞ்சலிங்கம் வந்தார்.

"குறை நினைக்காதையும் பிள்ளை. நான் ஒத்துக்கொண்டிருந்தா எனக்கு எல்லாம் போயிருக்கும். உமக்கு ஏச்சோடை முடிஞ்சு போட்டுதுதானே."

"ஓம் அண்ணை, போட்டுது" என்றாள் கௌரி.

எங்கே போனது? அதே அடுப்பு, அதே சட்டி, அதே சம்பளம். ஆனால் யார் எந்த வாளியைத் தந்தாலும் திறந்து மணந்து பார்ப்பாள், மூடுவாள், திரும்பவும் திறப்பாள். இத்தனை வருடம் தெரியாத வெக்கை இப்போது உடம்பைத் தின்றது. வீட்டில் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

ஒருநாள் முதலாளியிடம் போய், தன்னை மச்சப் பக்கத்துக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டாள். முழுகாமல் கரண்டி தொடாதவள் மீன் வெட்டப்போகிறாளா என்று அவர் திகைத்துப்போனார். உனக்கென்ன விசரா, ஏன் என்று கேட்டார்.

"அங்கை எந்த வாளி வந்தாலும் ஆரையும் நம்பத் தேவையில்லை, முதலாளி."

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய மனிதர் பக்கத்தில்தான் நின்றார். அப்போதும் அவர் நிலத்தைத்தான் பார்த்தார்.