ஜவ்வாது மணத்த புலி

புலிக்கு என்ன வாசனை என்று யாராவது கேட்டால், ஜவ்வாது வாசனை என்றுதான் இன்றும் என் மூக்கு பதில் சொல்லும். காட்டில் புலியைக் கிட்டத்தில் மோந்து பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்தான். ஆனால் அப்படி மோந்து பார்த்தவர் எவரும் திரும்பி வந்து மறுத்ததாக எனக்குத் தகவல் இல்லை. எங்கள் புலி மைதீன் ராவுத்தரின் தகரப் பெட்டியிலிருந்து வந்தது. சுர்மா, ஜவ்வாது, ஊசி, பாசிமணி ஆகியவற்றோடு மதுரையில் அச்சான சிந்துப் பாட்டுப் புத்தகங்களையும் அவர் அதே பெட்டியில் அடைத்து ஊர் ஊராகச் சுமந்துவருவார். காகிதம் சாணித்தாள், மை விரலில் ஒட்டும், ஆனால் பக்கத்தைத் திருப்பினால் கல்யாண வீட்டு மணம் அடிக்கும்; அந்த மணத்துக்கு நடுவில் ஒரு பையனின் கழுத்தைப் புலி கவ்விக்கொண்டிருக்கும்.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய சமாசாரம். அப்போது பிள்ளைகளுக்கென்று தனியாகக் கதைப் புத்தகம் எழுதும் வழக்கம் எங்கள் பக்கம் வரவில்லை. பாடப் புத்தகங்கள் உண்டு. அவை பிள்ளைகளுக்கு எதிராக எழுதப்பட்டவை. ஆகவே ராஜபாளையத்துச் சிறுவர் உலகத்தின் முழு இலக்கியமும் ராவுத்தர் எழுதி, ராவுத்தர் பாடி, ராவுத்தர் விற்ற "புலிச் சிந்து" ஒன்றுதான். சந்தையில் புளியமரத்து நிழலில் நின்று தப்ஸைத் தட்டிப் பாடுவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் பார்த்து, "மிச்சம் புஸ்தகத்துல" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வார். அவர் நிறுத்துகிற வரி எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்:

மருதத்தில் ஏறினான் சுப்பையா – கீழே
மறியாடு கதறிட ஏறினான்

இந்தச் சுப்பையா கற்பனை அல்ல. எங்கள் தெருக்கோடியில் இருந்த வீராயி என்பவளின் ஒரே மகன், எங்களைவிடச் சற்றுப் பெரியவன். புருஷன் இல்லாத வீராயிக்கு ஆடுகளும் அவனும்தான் சொத்து. ஒரு கோடையில், அய்யனார் கோயில் ஆற்றோரம் ஆடு மேய்க்கப் போனவன் பயந்து மருத மரத்தில் ஏற, சிறுத்தை ஒன்று பின்னாலேயே ஏறி இழுத்துப் போட்டுக் கொன்றது. கூடப் போயிருந்த நாய், காது கிழிந்த ஒரு செவலை, எல்லாருக்கும் முன்னால் வீட்டுக்கு ஓடிவந்து, வைத்திருந்த கூழைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஊரில் நடந்தது அவ்வளவுதான்.

ராவுத்தர் அதை அப்படியே விட்டுவைக்கவில்லை. சிறுத்தை என்றால் ஜனங்கள் பயப்படுவது போதாது என்று அதை வேங்கைப் புலியாக்கினார். ஓடிவந்த செவலை, அவர் கையில் பாலைப்போல வெளுத்த ஜாதி வேட்டை நாயாகி, புலியோடு கட்டிப் புரண்டு உயிரை விட்டது. எங்கள் தெருவில் பன்றி வேட்டைக்குப் போகிற ராஜு ஒருவர் இருந்தார். அவர் ஒரு நாள் சந்தையில் ராவுத்தரை மடக்கி, "வேங்கை எங்கய்யா மரம் ஏறும்? அது உடம்பு கனத்துக்கு ஏறாது" என்றார். ராவுத்தர் தப்ஸைக் கீழே வைக்காமலே, "காட்டுல இருக்கிற புலி ஏறாது. எம் புலி ஏறும்" என்றார். பின்னால் நான் எழுதிப் பிழைக்க வந்த காலத்தில் எத்தனையோ விமர்சகர்களுக்குப் பதில் தெரியாமல் விழித்திருக்கிறேன். இந்த மாதிரி ஒரு பதில் எனக்கு ஒரு தடவைகூட வாய்க்கவில்லை.

எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியால், எங்கள் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலின்மேல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான்தான் ஆஸ்தானப் புலி. வாசிக்கும்போது என் உறுமல் பக்கத்துத் தெருவரை கேட்கும். வாசித்து முடித்தபின் கொல்லைப்புறம் போகத் துணைக்கு ஆள் தேடுவேன். வீராயியும் வருவாள். அவள் வந்தால் நான் புத்தகத்தை மூடப்போவேன். அவளோ வாசற்படியில் உட்கார்ந்து, "நீ படி ராசா" என்பாள். மகன் விடியலில் எழுந்திருப்பது, ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, வழியில் ஓணான் அடிப்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். அவன் மருதத்தில் ஏறினதும், "போதும் ராசா, பொறவு பாத்துக்கிடலாம்" என்று எழுந்து, சேலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விடுவாள். செவலை பின்னாலேயே போகும். அவள் தெருமுனை திரும்பும்வரை நான் விரலை அந்த வரியிலேயே வைத்துக் காத்திருப்பேன். திரும்பினதும் புலியை அவிழ்த்துவிடுவேன். இப்படியாக ராவுத்தர் வியாபாரத்துக்காக நிறுத்திய அதே வரியில் அவள் வேறு காரணத்துக்காக நிறுத்திக்கொண்டிருந்தாள்.

ராஜு சொன்ன சொல் எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. ஒரு நாள் என்னைத் தனியாகப் பிடித்து, "வேங்கை மரம் ஏறாதாமே, நெசமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த விலங்கியல் முழுதும் ராவுத்தருடையது. ஆகவே அப்பாவைக் கேட்டேன். அப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "அவகிட்ட எதையும் சொல்லித் தொலைக்காதே" என்றார். அதற்குள் அவள் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: புத்தகத்தில் இருப்பது வேங்கை, வேங்கை மரம் ஏறாது, ஆகவே புத்தகத்தில் சுப்பையா இன்னும் மரத்தின்மேல் பத்திரமாக இருக்கிறான். ராவுத்தர் அவனைக் கீழே இறக்கிவிட வேண்டியதுதான் பாக்கி.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, அவளும் வருகிறேன் என்று எங்கள் வண்டியின் பின்பக்கம் ஏறிக்கொண்டாள். திருமுக்குளத்துப் பக்கம் ராவுத்தர் கடை விரித்திருந்தார். கூட்டம் கலைகிறவரை நின்றிருந்துவிட்டு, "ராவுத்தரய்யா, நான் வீராயி. சுப்பையாவப் பெத்தவ" என்றாள்.

ராவுத்தரின் கை தப்ஸின்மேல் அப்படியே நின்றது. பாட்டில் அவளை மண்ணில் புரட்டி அழவைத்தவர் அவர்தான். ஆனால் அவள் நடந்து வந்து எதிரே நிற்பாள் என்று அவர் நினைக்கவில்லை. "புஸ்தகம் வேணுமா தாயி? சும்மா எடுத்துக்கோ" என்றார்.

"புஸ்தகம் இருக்கு. கடைசிதான் சரியில்ல" என்றாள் வீராயி. "சிறுத்தைய வேங்கையாக்கிட்டிய. ஓடியாந்த நாயி சண்ட போட்டுச்சுனு எழுதிட்டிய. வேங்கை மரமேறாதுன்னு வேட்டைக்குப் போறவியளே சொல்லுதாவ. இம்புட்டு மாத்துனவிய, எம் மவன மட்டும் கீழ எறக்கிவிடக் கூடாதா?"

"புலி கடிக்காட்டா அது வெறும் ஆட்டுப் பாட்டுல்லா தாயி. யாரு வாங்குவா?"

"நான் வாங்குதேன்."

ராவுத்தர் ஜவ்வாதுச் சிமிழ்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். கடைசியில், "பாக்குதேன், போ" என்றார். திரும்பும்போது வண்டியில் அவள் என் அப்பாவிடம், "ராவுத்தரு நல்ல மனுசன், அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா மாட்டைப் பார்த்து ஓட்டினார். அந்த வருஷம் முழுவதும் அவள் வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள்போலப் பதனமாக நடந்தாள்; எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "அச்சுக்குப் போயிருக்கு" என்றாள்.

ராவுத்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுவருஷம் சந்தையில் தப்ஸைத் தட்டி, "சுப்பையா மீண்ட சிந்து" என்று புதுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். வழக்கமான வரியில் நிறுத்தாமல் தொடர்ந்து பாடினார். வேங்கை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, நகத்தால் பிறாண்டியது, ஏற முடியாமல் வெட்கப்பட்டு மலைக்குத் திரும்பியது. கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. "ராவுத்தரே, புலிக்கு நோன்பா?" என்றான் ஒருவன். "ஏலே, அதுக்கு வயித்தால போகுதாம்லே" என்றான் இன்னொருவன். நாங்கள் பொடியன்கள் ஒரே குரலாக, "கடி எங்க, கடி எங்க" என்று ராகம் போட்டோம். பக்கத்தில் குரங்காட்டி மேளத்தைத் தட்டியதும் மொத்தக் கூட்டமும் அங்கே சாய்ந்தது. கடைசியில் புளியமரத்தடியில் பாடுகிற ராவுத்தரும் கேட்கிற வீராயியும், இரண்டு பக்கமும் பார்க்க ஆசைப்பட்டு நடுவில் நின்ற நானும்தான் மிச்சம்.

பாட்டில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். தாய் கடுகும் மிளகாயும் சுற்றிப் போட்டு, நெல்லுச் சோற்றில் கட்டித் தயிரை ஊற்றிப் பிசைந்து வைக்க, மகன் சிரித்துக்கொண்டே அள்ளித் தின்றான். ராவுத்தர் பாடி முடித்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"எம் மவன் தயிரு தொடமாட்டான், ராவுத்தரய்யா. மோந்தாலே அவனுக்குக் கொமட்டும்" என்றாள் வீராயி.

"அதுக்கென்ன தாயி, அடுத்த அச்சுல பாலுனு போட்டுடுதேன்."

"வேண்டாம். அது கெடக்கட்டும்." அவள் கொஞ்ச நேரம் அந்தப் புத்தகத்தைப் பார்த்தாள், வாங்கவில்லை. "இது வேற பிள்ள. குடுத்து வச்ச எவளோ பெத்தது. அவ சோறு போடுதா, அவன் திங்கான்."

மறுநாள் கொட்டகைக்கு வந்தாள். "பழசை எடு ராசா. நிறுத்தாமப் படி" என்றாள். படித்தேன். மருதத்தில் ஏறினதும் வழக்கம்போல விரலை வைத்து நிறுத்தி அவளைப் பார்த்தேன், அவள் எழுந்திருக்கவில்லை. மேலே படித்தேன். உறுமவில்லை, உறுமுகிற இடங்களையெல்லாம் பாடப் புத்தகம் வாசிக்கிற குரலில் வாசித்தேன். பிள்ளைகளில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. புலி ஏறி, கவ்வி, இழுத்து, சுப்பையா "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டு முடிகிற அந்தப் பகுதி ஒரு பக்கம்கூட வராது. நான் முடித்ததும் அவள், "இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள்.

"இம்புட்டுத்தான் அத்தை."

சேலையைத் தட்டிவிடாமலே எழுந்து போனாள். அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் வரவில்லை. பின்னால் வந்த ஒரு பேதிக் காலத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அதைப் பற்றி யாரும் ஒரு வரிகூடப் பாடவில்லை. பேதிக்கு நகமோ பல்லோ கிடையாதே.

இப்போது ராஜபாளையத்தில் ரயில் வந்து நிற்கிறது. மில் சங்கு ஊதுகிறது. புளியமரம் இருந்த இடத்தில் மோட்டார் பஸ் திரும்புகிறது. அய்யனார் கோயில் பக்கத்துச் சிறுத்தைகளைத் துரைமார் சுட்டுத் தோலாக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "மீண்ட சிந்து" விற்காமல் கட்டுக்கட்டாகக் கடலைக்காரனுக்குப் போயிற்று; சுப்பையா உயிர் பிழைத்த கதையை ஊரே கடலையோடு வாங்கி, கசக்கி, தெருவில் எறிந்தது. புலிச் சிந்து கரையானுக்குப் போயிற்று. சென்ற வாரம் என் தம்பி மகன் வர்ணப் படம் போட்ட ஒரு புலிக் கதையைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னான். படிக்கும் முன்பே, "கடிக்குமா மாட்டாதா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றான். புத்தகத்தை மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாசனை அடித்தது.

ஹாஸ்யம் எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் சவரம் செய்துகொள்ளும்போதும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் என் வாயில் தானாக வருவது அந்தப் பழைய சிந்துதான். மருதத்தில் ஏறினான் சுப்பையா என்ற இடத்தில் நாக்கு கொஞ்ச நேரம் நிற்கிறது, யாரோ எழுந்து வைக்கோலைத் தட்டிவிட்டுத் தெருமுனை திரும்பட்டும் என்று காத்திருப்பதுபோல. யாரும் எழுந்து போவதில்லை. பிறகு புலி வருகிறது.